துப்பாக்கி ஓய்ந்த டெல்டாவில் துயரம் ஏன் ஓயவில்லை?

கீழ்வெண்மணியின் குண்டுச் சத்தத்திலிருந்து இன்றைய தனித்தனி மரணங்கள் வரை: காவிரிப் படுகையில் வன்முறை உருமாறிய கதை

1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் பட்டுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த ஒருவர் தூக்கிலிடப்பட்டார். தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவுக்குப் போனவர் எஸ்.ஏ. கணபதி. அங்கே தொழிலாளர்களைத் திரட்டி, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தார். பிரிட்டிஷ் அரசு அங்கு அவசரநிலையை அறிவித்திருந்த காலம் அது. அவர் யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பதே குற்றம். உயிரை எடுக்க அது போதுமானதாக இருந்தது.

மறு ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், கணபதி பிறந்த அதே வட்டாரத்தில் வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். இருவரும் பண்ணையாட்களைத் திரட்டியவர்கள். அடுத்த 18 ஆண்டுகளில் கீழ்த்தஞ்சையில் மறுபடி துப்பாக்கி வெடித்தது. இந்த முறை அதைத் தூக்கி வந்தவர்கள் நிலக்கிழார் தரப்பினர். ஊர் கீழ்வெண்மணி. அந்த வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள்.

அரசுகள் வேறு, சட்டங்கள் வேறு, நாடுகளும் வேறு. ஆனாலும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் டெல்டாக்காரர் ஒருவருக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்காது. ஆயுதம் ஒன்றேதான் என்றால், ஏந்தியவருக்கு ஏற்ப அதன் விலை இப்படி மாறுவது எதனால்?

பழைய தஞ்சை மாவட்டத்தில் துப்பாக்கியை இரண்டு இடங்களில் பார்க்க முடிந்தது. ஒன்று பெரிய மிராசுதார் வீடு. மற்றொன்று கொக்கு, மடையான் சுடப் போகும் நரிக்குறவரின் தோள். நரிக்குறவர் தலைமுறை தலைமுறையாக நாட்டுத் துப்பாக்கியோடு வயல் வரப்புகளில் நடந்தவர்கள். அவர்களைக் கண்டு எந்தச் சேரியும் இரவில் தூக்கம் கெட்டுக் கிடந்ததில்லை. மிராசுதாரின் துப்பாக்கியைக் கண்டு பயந்தார்கள். அதற்குப் பின்னால் நிலம் இருந்தது, கூலி இருந்தது, குடியிருந்த மனைக்கட்டு இருந்தது, போலீஸ் ஸ்டேஷன் வரை போகும் செல்வாக்கு இருந்தது. துப்பாக்கி வன்முறையைப் பற்றிப் பேசும்போது இரும்பை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

இன்று டெல்டாவில் துப்பாக்கிச் சத்தம் கேட்பது அபூர்வம். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்துக்குள் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தியைக் கும்பகோணத்து டீக்கடையில் படிப்பவர், நல்லவேளை நம் ஊரில் இது இல்லை என்று பேப்பரை மடித்து வைக்கலாம். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் அங்கே துப்பாக்கி வழியாக வெளிவரும் துயரம் இங்கே இல்லையா? இருக்கிறது. அதற்கு வேறு வழி கிடைத்திருக்கிறது.

விளைச்சல் பெருகிய ஆண்டுகளில் விளைந்த பகை

பஞ்சத்தில்தான் மனிதர் மோதிக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். கீழ்வெண்மணிக்கு முந்தைய தஞ்சை அந்த எண்ணத்தைப் பொய்யாக்குகிறது. 1960-61ல் மத்திய அரசு தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம், விதை, கடன், ஆலோசனை எல்லாம் ஒரே தொகுப்பாக வந்தன. 1960களின் நடுவில் ஆடுதுறை-27 ரக நெல் வயலுக்கு வந்தது. மூட்டைகள் கூடின.

களத்துமேட்டில் நெல் குவிந்தபோது, அறுத்துக் கட்டிச் சுமந்து வந்து அடித்தவர் தன் மரக்காலைப் பார்த்தார். குவியல் வளர்ந்த வேகத்தில் அது வளரவில்லை. கீழ்த்தஞ்சையில் அறுவடைக் கூலியை ஒட்டி நடந்த போராட்டங்களின் வேர் இதுதான். வெண்மணி வட்டாரத்தில் கேட்கப்பட்டது அரைப்படி நெல் கூடுதலாக. உள்ளூர் ஆட்கள் மறுத்தால் வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுப்போம் என்று நிலக்கிழார்கள் சொன்னார்கள். அது கூலித் தகராறைப் பிழைப்புத் தகராறாக மாற்றியது. 1969ல் மத்திய உள்துறை அமைச்சகமே நாட்டின் விவசாயப் பதற்றங்களின் காரணங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரித்தது. புதிய விவசாயத்தின் லாபம் சமமாகப் போய்ச் சேராததைப் பதற்றத்தின் காரணங்களில் ஒன்றாக அது கண்டது.

வறுமையைவிடக் கூர்மையான ஒன்று இதில் இருக்கிறது. எல்லாருக்கும் இல்லாதபோது பசியைப் பொறுத்துக்கொள்கிற மனிதர், தன் கையால் விளைந்தது தன் கண்முன்னே வேறு வீட்டுக்குப் போவதைப் பொறுப்பதில்லை. அதோடு சாதியின் அவமானமும் சேர்ந்தது. சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அப்போது பழங்கதை ஆகிவிடவில்லை. அனுபவித்தவர்கள் உயிரோடு இருந்தார்கள். 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் விவசாயச் சங்கம் கட்டி அந்தக் கொடுமைகளை எதிர்த்து நின்றதால்தான் கீழ்த்தஞ்சையின் சேரிகளில் செங்கொடி ஏறியது. நிலக்கிழார்கள் கண்ணுக்கு அந்தக் கொடி கூலியைக் கேட்கும் கொடியாக மட்டும் தெரியவில்லை. நேற்றுவரை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர் இன்று நிமிர்ந்து நிற்பதன் அடையாளமாகத் தெரிந்தது. அவர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டார்கள். செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பது நிபந்தனையானது.

அந்த இரவும் அதன் பின்னும்

1968 டிசம்பர் 25. அன்று மாலை நடந்த மோதலில் நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்டார். இரவு ஏறியதும் ஆட்கள் துப்பாக்கிகளுடனும் அரிவாள், கம்புகளுடனும் கீழ்வெண்மணிச் சேரியைச் சூழ்ந்தார்கள். சுட்டார்கள். பலர் குண்டுக்காயம் பட்டார்கள். ஓட முடிந்தவர்கள் வயலில் இறங்கி ஓடினார்கள். ஓட முடியாதவர்கள், அதாவது பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், தெருக்கோடியில் இருந்த ராமையாவின் குடிசைக்குள் நுழைந்து கதவை அடைத்துக்கொண்டார்கள். அந்தக் குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் கருகிச் செத்தார்கள்.

இந்தப் படுகொலையைப் பற்றிப் பேசுவோர் நெருப்பைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கி அதில் செய்த வேலையை மறந்துவிடுகிறோம். 44 பேரைக் குடிசைக்குள் விரட்டியது துப்பாக்கி. எதிர்த்து நிற்கக்கூடிய ஆண்களைத் தெருவிலிருந்து துரத்தியது துப்பாக்கி. கம்பும் அரிவாளும் மட்டும் இருந்திருந்தால் இரு பக்கமும் இரத்தம் சிந்தியிருக்கும். ஒரு சேரியே கைகட்டி நின்று எரிந்திருக்காது. ஆயுதம் சண்டையை உண்டாக்குவதில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. இருக்கலாம். சண்டையைப் படுகொலையாக மாற்றுகிற வேலையை அது செய்கிறது.

வழக்கு நடந்தது. 1970ல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம், நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் பெரும் நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருக்கிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்தில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. படுகொலை நாளின் மாலை மோதலில் நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்தவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் தண்டனை பெற்றார்கள், ஒருவருக்கு ஆயுள். 1980 டிசம்பரில் கோபாலகிருஷ்ண நாயுடுவை நக்சலைட்டுகள் வெட்டிக் கொன்றார்கள்.

வன்முறை வேர் பிடிக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. நீதிமன்றப் படிக்கட்டு ஏறி வெறுங்கையோடு இறங்கியவர்களின் மனதில் என்ன மிஞ்சும்? 1980ல் நடந்த கொலையை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 1973 இல்லாமல் 1980ஐப் புரிந்துகொள்ள முடியாது. பழிக்குப் பழி வளரும் எந்த ஊரிலும், இத்தாலியானாலும் மெக்சிகோவானாலும், அரசின் நீதி கைக்கு எட்டாத இடத்திலிருந்துதான் தனியார் நீதி தொடங்குகிறது.

சட்டம் வந்தது, கூலி ஏறியது

வெண்மணிக்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் அண்ணா நோயில் இருந்தார். 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். அப்படியிருந்தும் கீழ்த்தஞ்சையின் கூலிப் பிரச்சினையை ஆராயக் கணபதியா பிள்ளை கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் வழியில் 1969ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971ல் குடியிருப்பு மனைகளை அங்கே குடியிருந்தவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. இந்த இரண்டாவது சட்டத்தின் கனத்தை வெளியூர்க்காரர்கள் எளிதில் உணர மாட்டார்கள். எதிர்த்துப் பேசினால் மனைக்கட்டைக் காலி செய் என்று சொல்ல முடிந்த வரைக்கும் எந்தக் கூலிச் சட்டமும் காகிதத்தில்தான் இருக்கும். தலைக்கு மேல் இருந்த கூரை தனதானபோது, வாயில் இருந்த சொல்லும் தனதானது.

கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதி இந்தப் பகுதிக்கு வந்து தங்கி, 1981ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்கிழார்களிடம் பேசி, வங்கியில் கடன் பெற்று, நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலத்தை எழுதி வைத்தார்கள். சுடுவதற்கும் எரிப்பதற்கும் காரணமாக இருந்த நிலம், பேச்சுவார்த்தையில் கைமாற முடியும் என்று காட்டினார்கள். ரேஷன் அரிசி வந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பஸ்ஸும் விமானமும் ஏறினார்கள். பண்ணையை நம்பித்தான் உயிர் வாழ வேண்டும் என்ற நிலை தளர்ந்தது.

கீழ்வெண்மணி போன்ற இன்னொன்று டெல்டாவில் நடக்கவில்லை. இந்தியச் சட்டத்தில் துப்பாக்கி வாங்குவது கடினம் என்பது ஒரு காரணம். 1959 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க இடம் தருவதில்லை. 2019 திருத்தத்தால் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டானது. மற்ற காரணம் மேலே சொன்ன கூலியும் மனையும் படிப்பும். ஆயுதமும் சுருங்கியது, அதை ஏந்த வைத்த பகையும் தணிந்தது. இரண்டும் சேர்ந்து நடந்ததால்தான் பலன் கிடைத்தது.

இன்றைய துயரம் எதில் விளைகிறது?

பண்ணையாளின் துயரம் ஓரளவு தணிந்த மண்ணில் இப்போது சிறு விவசாயியின் துயரம் ஏறியிருக்கிறது. ஜூன் 12 என்பது டெல்டாவுக்கு ஒரு பண்டிகை மாதிரி. மேட்டூர் அணை திறக்கும் நாள். 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. குறுவை போனது; சம்பாவும் மழையை நம்பி நின்றது. 2016ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன.

அந்தப் பனிக்காலத்தில் நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களிலிருந்து மரணச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கருகிய பயிரைப் பார்க்கப் போனவர் வரப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார் என்பது ஒரு வகைச் செய்தி. தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது இன்னொரு வகை. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்து தேசிய மனித உரிமைகள் ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அப்போதைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் 17 குடும்பங்களுக்கு தலா 3 லட்சம் ரூபாய் அறிவித்தார். சில மாதங்கள் கழித்து உச்ச நீதிமன்றத்தில் மாநில அரசு, வறட்சியால் யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, சொந்தக் காரணங்களால்தான் இறந்தார்கள் என்றது. அய்யாக்கண்ணு தலைமையில் விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளோடு உட்கார்ந்ததும் அந்த ஆண்டுதான்.

“சொந்தக் காரணம்” என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். டெல்டாவில் கணிசமான நிலம் கோயிலுக்கும் மடத்துக்கும், வெளியூரில் குடியேறிவிட்ட நிலக்காரர்களுக்கும் சொந்தம். பயிர் செய்பவர் குத்தகைதாரர், அதுவும் பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வெண்மணிக்கு அடுத்த ஆண்டே, 1969லேயே வந்தது. ஆனால் பதிவு செய்யக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயத்தில் பலர் கேட்பதே இல்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் சுலபமில்லை. காப்பீட்டுத் தொகை வந்தாலும் யார் கைக்குப் போகும் என்பது நிச்சயமில்லை. ஆகவே நகை அடகு, அடுத்து வெளி வட்டி, அடுத்து மனைவி பெயரில் குழுக்கடன். வாரம் தவறாமல் வாசலுக்கு வந்து நிற்கும் வசூல்காரர். மழை பொய்த்தது வானத்தின் வேலை என்றால், மீதி எல்லாம் மனிதர் போட்ட முடிச்சுகள். இதில் எது சொந்தக் காரணம்?

நல்ல விளைச்சல் வந்த ஆண்டிலும் நிம்மதி வருவதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அறுவடை நேரத்தில் மழை வந்தால் ஈரப்பதம் ஏறும். சாலையோரம் கொட்டிய நெல் முளைக்கும். மத்தியக் குழு வந்து பார்த்து விதியைத் தளர்த்தும் வரை விவசாயி நெல்லுக்குக் காவல் படுத்துக்கிடக்க வேண்டும். சாதாரண ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்று 2025ல் தமிழ்நாட்டில் விலை உயர்ந்தது. அந்த விலை சிப்பம் எடை போட்ட பிறகுதான் கைக்கு வரும். எடை போடும் நாள் எது என்பது தெரியாமல் கிடப்பது ஒரு வகை வதை.

கூலித் தொழிலாளிக்கு வேறொரு வெறுமை. அறுவடை இயந்திரம் வந்த பிறகு கதிர் அறுத்த கைகளுக்கு வேலை இல்லை. நடவுக்கு மேற்கு வங்கம், பீகாரிலிருந்து ஆட்கள் குழுவாக வருகிறார்கள். வேலை குறைந்தது ஒரு நஷ்டம். ஒன்றாக நின்று நட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒருத்தி துக்கத்தை இன்னொருத்தி கேட்ட அந்தக் கூட்டம் கலைந்தது அதைவிடப் பெரிய நஷ்டம். 2025 உலக மகிழ்ச்சி அறிக்கை இதே விஷயத்தை உலக அளவில் பேசியது. அமெரிக்காவில் நான்கில் ஒருவர் முந்தைய நாளின் எல்லா வேளையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொன்னார் என்றும், தனியாகச் சாப்பிடுவோர் இருபது ஆண்டுகளில் வேகமாகப் பெருகியிருக்கிறார்கள் என்றும் சொன்னது. அந்த அறிக்கையின் மகிழ்ச்சிப் பட்டியலில் அமெரிக்கா 24ஆம் இடத்துக்கு இறங்கியது; அதற்கு முன் அவ்வளவு கீழே போனதில்லை. இந்தியா 147 நாடுகளில் 118ஆவது. பணக்கார நாடும் ஏழை நாடும் தனித்தனி வழியில் ஒரே வெறுமைக்கு வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன.

கைக்கு எட்டும் தூரம்

அமெரிக்கத் துப்பாக்கிச் சாவுகள் என்றதும் பள்ளியில், கடைத்தெருவில் நடக்கும் துப்பாக்கிச்சூடுகள்தான் நினைவுக்கு வரும். 2021ல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், பாதிக்கும் மேல், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அடுத்தவரைக் குறிவைக்கும் ஆயுதமாக நாம் பார்ப்பதை, அங்கே துயரத்தில் இருப்பவர் பெரும்பாலும் தன்மீதே திருப்புகிறார்.

இங்கே அந்த ஆயுதம் வீட்டில் இல்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கின்படி இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். லட்சம் பேருக்கு நாட்டின் சராசரி 12.4, நம் மாநிலத்தில் 25.9. நாடு முழுவதிலும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். கிராமத்தில் இதற்குத் துணைபோகும் பொருள்களில் ஒன்று, வயலுக்கு அடிக்க வாங்கி வீட்டு மூலையில் வைத்த பூச்சிமருந்து.

தற்கொலை எண்ணம் பெரும்பாலும் ஒரு வேகத்தில் வருகிறது. அந்த வேகம் தணியும் வரை ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால் பல உயிர்கள் தப்பிக்கும். இது ஆசை வார்த்தை அல்ல, நம் அண்டை நாடே சாட்சி. நெல் விளையும் இலங்கையில் 1995ல் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு அந்த ஆண்டிலிருந்து படிப்படியாகத் தடை செய்தது. பத்தாண்டில் விகிதம் ஏறத்தாழப் பாதியானது. நெல் விளைச்சல் குறையவில்லை. இலங்கை மக்களின் கவலையெல்லாம் அந்தப் பத்தாண்டில் தீர்ந்துவிடவும் இல்லை. அதில் பல ஆண்டுகள் போர் நடந்தது. கவலை இருந்தது, சாவு குறைந்தது. 1996ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும் ஆஸ்திரேலியா மக்களிடமிருந்து ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலைகொடுத்துத் திரும்ப வாங்கியதும் இதே பாடம்தான்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்னோடி முயற்சி உண்டு. சென்னை சினேகா அமைப்பின் நிறுவனரான மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும், காவிரிக் கடைமடையான காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்துக்குப் பொது இருப்பறை கட்டினார்கள். ஒவ்வொரு விவசாயிக்கும் தனிப் பெட்டி, தனிச் சாவி. மருந்து வீட்டுக்குப் போகாது. தேவைப்படும்போது வந்து எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப வைக்கலாம். விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2022-23ல் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தற்காலிகத் தடை விதித்தது. கொடிய எலிக்கொல்லிப் பசை ஒன்றை நிரந்தரமாகத் தடை செய்தது. திசை சரி. ஆனால் 60 நாள் என்பது ஒரு போகத்துக்குக்கூடப் பற்றாது.

அரிவாளும் வகுப்பறையும்

துயரம் எல்லாம் உள்நோக்கியே போவதில்லை. 2024 நவம்பர் 20 அன்று தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளிக்குள் ஓர் இளம் ஆசிரியை குத்திக் கொல்லப்பட்டார். திருமணத்துக்கு மறுத்ததுதான் கொன்றவனின் ஆத்திரத்துக்குக் காரணம் என்றது போலீஸ். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகுதான் பள்ளிகளில் சாதியைப் பற்றி ஆராய நீதியரசர் சந்துருவை அரசு அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார்.

2022ல் அமெரிக்காவின் யுவால்டி பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்த 18 வயதுப் பையன் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். நாங்குநேரியில் வெட்டுப்பட்ட அண்ணனும் தங்கையும் பிழைத்தார்கள். கையில் இருந்த ஆயுதம்தான் இந்த இடைவெளிக்குப் பெரும் காரணம். ஆனால் இல்லை என்ற சொல்லைத் தாங்க முடியாத ஆண் மனம், தன் சாதிக்குக் கீழே என்று நினைத்தவன் மதிப்பெண்ணில் முந்தியதைத் தாங்க முடியாத வீட்டு வளர்ப்பு, இவை இங்கேயும் இருக்கின்றன. துப்பாக்கி மலிவாகக் கிடைத்திருந்தால் மல்லிப்பட்டினத்தில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று நினைக்கவே மனம் கூசுகிறது. ஆயுதச் சட்டம் இறுக்கமாகவே இருக்கட்டும். அந்தச் சட்டத்தின் நிழலில் பள்ளியும் வீடும் ஊரும் தங்கள் வேலையைச் செய்யாமல் இருக்கக் கூடாது.

நாற்பத்து நான்கும் ஐம்பத்து நான்கும்

1968ல் ஒரே இரவில் 44 பேர் இறந்தபோது நாடு அதிர்ந்தது. கமிஷன் வந்தது, சட்டம் வந்தது, நாவலும் ஆவணப்படமும் வந்தன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று செங்கொடிகள் வெண்மணி நினைவிடத்துக்கு ஊர்வலமாக வருகின்றன. 2022ல் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நாளும் சராசரியாக 54 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில், தனித்தனி காரணத்தோடு இறந்ததால் அந்த 54க்குக் கமிஷன் இல்லை. எப்ஐஆரில் “வயிற்று வலி”, “குடும்பத் தகராறு” என்று ஒரு வரி எழுதிக் கோப்பு மூடப்படுகிறது.

அந்த ஒரு வரியைத் திறந்து பார்ப்பதற்கு நமக்கு வழி தெரியாமல் இல்லை. பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் தமிழ்நாடு அந்த மரணத்தைத் தணிக்கை செய்கிறது. எந்த நேரத்தில் வலி எடுத்தது, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, இரத்தம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தவறு நடந்த கண்ணியைக் கண்டுபிடிக்கிறது. இந்த வழக்கம் தாய் மரணங்களைக் குறைத்ததில் பெரும் பங்கு வகித்தது. அதே முறையில் ஒவ்வொரு தற்கொலையையும், ஒவ்வொரு வன்கொலையையும் மாவட்ட அளவில் ஏன் தணிக்கை செய்யக் கூடாது? கடன் யாரிடம், வட்டி எவ்வளவு? நெல் எத்தனை நாள் கொள்முதல் நிலையத்தில் கிடந்தது? குத்தகை பதிவானதா? அந்தப் பெண் எத்தனை முறை காவல் நிலையம் போனார்? டாஸ்மாக் அந்த வீட்டுக் கணக்கில் எவ்வளவு எடுத்தது? மருந்து எங்கே வாங்கியது?

இதற்கு ஆள் பலமும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1996ல் நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாவட்டங்களில் முதன்முதலாகத் தொடங்கியபோது அதில் டெல்டாவின் தலைவாசலான திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று எல்லா மாவட்டத்திலும் அந்தத் திட்டம் இருக்கிறது. அதோடு வருவாய்த்துறையும் வேளாண் துறையும் கூட்டுறவுத் துறையும் ஒரு மேஜையில் மாதம் ஒரு முறை உட்கார்ந்தால் போதும். 2025ல் கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியிருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தவும் இப்படிப்பட்ட தணிக்கைதான் கண்ணாக இருக்கும்.

ஆயுதத்தை எட்டாத தூரத்தில் வைப்பது இந்த ஆண்டே முடியும். பூச்சிமருந்து இருப்பறைகளை ஒவ்வொரு கடைமடை ஊராட்சியிலும் கட்டுவது அடுத்த சம்பாவுக்குள் முடியும். துயரத்தின் வேரைக் கிளறுவதற்கு ஒரு தலைமுறை ஆகலாம். குத்தகைப் பதிவும், நாணயமான கொள்முதலும், சாதியை வெளியே நிறுத்தும் வகுப்பறையும் அவ்வளவு வேலை பிடிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதைக் கீழ்த்தஞ்சை 1969க்குப் பிறகு பார்த்திருக்கிறது. அன்று 44 பிணங்கள் ஒன்றாகக் கிடந்ததால் அரசு அசைந்தது. இன்று அசைவதற்கு அத்தனை பிணங்கள் ஒரே குடிசையில் கிடக்க வேண்டும் என்றில்லை. ஒரு மரணத்தையாவது முழுதாக விசாரித்துப் பார்த்தால் போதும்.

உதவிக்கு

மனம் கனக்கிறதா, வாழ்வது சுமையாகத் தோன்றுகிறதா? தனியாக இருக்காதீர்கள், நம்பகமானவரிடம் உடனே பேசுங்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், டெலி மனஸ் 14416 எண்ணிலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. பக்கத்து வீட்டில் ஒருவர் சில நாளாக ஒதுங்கிப் போவதாகத் தெரிந்தால், அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது, பெரும்பாலும் தணியும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் பூட்டி வையுங்கள், அல்லது வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.